எழுதப்படாத வகுப்பறை: கடலூர், சிதம்பரம் வட்டார ஒடுக்கப்பட்டோரின் பள்ளி நினைவுகளும் தமிழாய்வின் கடமையும்

முன்னுரை

2023 மார்ச்சில் வெளியான தமிழ்நாடு அரசின் நிதிநிலை அறிக்கை, ஆதிதிராவிடர் நலத்துறை முதலிய பல துறைகளின்கீழ் இயங்கும் பள்ளிகள் அனைத்தும் பள்ளிக்கல்வித் துறையின்கீழ்க் கொண்டுவரப்படும் என்று அறிவித்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு, பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி அடையாளங்களை நீக்க வேண்டும் என்று 2024-இல் பரிந்துரைத்தது. அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்னும் சொல் நீக்கப்படும் என 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. இம்மூன்றும் சமத்துவ நோக்கில் எழுந்தவை என்பதில் ஐயமில்லை. எனினும் இவற்றைச் சார்ந்தும் மறுத்தும் எழுந்த விவாதங்கள் பெரும்பாலும் சேர்க்கை எண்ணிக்கை, ஆசிரியர் பணியிடம், கட்டட நிலை, தேர்ச்சி விழுக்காடு ஆகியவற்றையே சுற்றி நின்றன. அப்பள்ளிகளில் பயின்றோர் அவற்றை எவ்வாறு நினைவில் வைத்துள்ளனர் என்னும் வினா எழவேயில்லை.

பெயர்ப்பலகை மாறுவதற்கு முன்னர், அப்பலகையின் கீழ் நடந்து சென்றவர்களின் நினைவு பதிவு செய்யப்பட வேண்டும். அப்பணிக்குத் தமிழ்த்துறைகளே முதன்மையான பொறுப்பும் தகுதியும் உடையவை என்பதே இக்கட்டுரையின் கருத்து. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் ஏறத்தாழ 29 விழுக்காட்டினர் பட்டியலினத்தவராக உள்ள கடலூர் மாவட்டமும், அதன் கல்வி நகரமாகிய சிதம்பரமும் இவ்வாதத்திற்குக் களமாகக் கொள்ளப்படுகின்றன.

பெயர்கள் சொல்லும் வரலாறு

ஒடுக்கப்பட்ட மக்களுக்கென அமைந்த பள்ளிகள் ஒரு நூற்றாண்டுக் காலத்தில் பல பெயர்களைப் பெற்றுள்ளன. 'பஞ்சமர் பள்ளி' என்பது முற்பட்ட வழக்கு. எம்.சி. ராஜா முதலியோரின் முயற்சியால் 1922-இல் சென்னை மாகாண அரசு 'பறையர்', 'பஞ்சமர்' ஆகியவற்றின் இடத்தில் 'ஆதிதிராவிடர்' என்னும் சொல்லை ஏற்றது. அக்காலத்தில் ஒடுக்கப்பட்டோர் நலப்பணி தொழிலாளர் துறையிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தமையால், அத்துறை நடத்திய பள்ளிகள் 'லேபர் பள்ளி' எனப்பட்டன. பின்னர் 'அரிசனப் பள்ளி' என்றும், அதன் பின்னர் 'ஆதிதிராவிடர் நலப் பள்ளி' என்றும் வழங்கின. ஊரார் பேச்சில் இவை 'சேரிப் பள்ளி' என்றும் 'காலனிப் பள்ளி' என்றுமே நிலைபெற்றன.

ஒரே கட்டடத்திற்கு ஆவணம் ஒரு பெயரும் ஊர் வேறொரு பெயரும் இட்டன. ஆவணப் பெயர் அரசின் நோக்கத்தைக் காட்டுகிறது. ஊர்ப் பெயர் அப்பள்ளி எங்கே நின்றது, யாருடையதாகக் கருதப்பட்டது என்பதைக் காட்டுகிறது. ஒரு முதியவர் தாம் பயின்ற பள்ளியை எப்பெயரால் சுட்டுகிறார் என்பதிலேயே அவரது தலைமுறையும் பட்டறிவும் வெளிப்படும். இச்சொற்களைத் தொகுத்து, வழங்கிய காலம், இடம், வழங்கியோர் என்னும் அடிப்படையில் வகைப்படுத்துவது அகராதியியலும் சமூக மொழியியலும் செய்ய வேண்டிய பணியாகும். அகற்றப்படும் சொல் பதிவின்றி அகன்றால், அதனோடு அது சுட்டிய அநீதியின் சான்றும் அகன்றுவிடும்.

நாள் இல்லாத மாற்றம்

இன ஒதுக்கலுக்கு உட்பட்டிருந்த அமெரிக்கக் கறுப்பின மக்களின் பள்ளி வரலாற்றில் 1954 மே 17 ஓர் எல்லைக்கல். பிரௌன் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தனித்தனிப் பள்ளிமுறை அரசியலமைப்புக்கு முரணானது என்று அன்று தீர்ப்பளித்தது. தெற்கு மாநிலங்களில் ஒதுக்கலைச் சட்டமே விதித்திருந்தமையால், அதன் முடிவையும் சட்டத்தின் மொழியிலேயே அறிவிக்க முடிந்தது. தீர்ப்பு நடைமுறையாவதற்கு மேலும் பல்லாண்டுகள் ஆயின என்பது வேறு.

தமிழகத்தில் நிலைமை வேறு. பொதுப் பள்ளிகளில் ஒடுக்கப்பட்ட குழந்தைகளைச் சேர்க்கக் கூடாது என்று அரசாணை எதுவும் கட்டளையிடவில்லை. சேர்க்க வேண்டும் என்றே ஆணைகள் பிறந்தன. ஆனால் பள்ளி அக்கிரகாரத்திலோ கோயிலை ஒட்டியோ ஊர்ச் சாவடியிலோ இருந்தது. அவ்விடத்திற்குச் செல்லும் தெருவே சில கால்களுக்கு மூடப்பட்டிருந்தது. ஆக, ஒதுக்கல் சட்டத்தில் இல்லை. ஊரின் அமைப்பில் இருந்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் கல்வி நிலையங்களிலும் விடுதிகளிலும் அனுமதி மறுப்பதைக் குற்றமாக்கியது. ஆயினும் ஒரு குறிப்பிட்ட ஊரில், ஒரு குறிப்பிட்ட வகுப்பறையில், தனித்தரையில் அமர்ந்திருந்த குழந்தை எந்நாளில் பொதுப் பலகைக்கு வந்தது? தண்ணீர்க் குவளையை அது தன் கையால் எடுத்தது எப்போது? இவற்றைக் கூறும் அரசிதழ் இல்லை. சேர்க்கைப் பதிவேடு குழந்தையின் பெயரையும் சாதியையும் பிறந்த நாளையும் கூறும். அது எங்கே அமர்ந்தது என்று கூறாது.

எனவே இங்கு வாய்மொழி வரலாறு ஆவணத்திற்குத் துணைச் சான்று அன்று. இவ்வகை வினாக்களுக்கு அதுவே முதற்சான்று. ஊர்தோறும் வேறுபட்ட நாளில் நிகழ்ந்த, பல இடங்களில் முழுமை பெறாத ஒரு மாற்றத்தின் காலவரிசையை, அதனைக் கடந்து வந்தவர்களின் நினைவிலிருந்தே அமைக்க இயலும். 1950-களில் பள்ளியில் சேர்ந்தவர்கள் இன்று எழுபதைக் கடந்தவர்கள். இப்பணிக்கு உள்ள காலம் குறுகியது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

ஓமக்குளத்துப் பள்ளி

சிதம்பரத்தில் இவ்வரலாற்றின் மையமாக விளங்குவது சுவாமி சகஜானந்தரின் பணி. 1890-இல் ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில் பிறந்த அவர், சிதம்பரத்தைத் தம் பணிக்களமாகக் கொண்டு 1916-இல் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவினார். ஓமக்குளம் பகுதியில் பள்ளியும் விடுதியும் வளர்ந்தன. சட்டமன்றத்திலும் நெடுங்காலம் பணியாற்றிய அவர் 1959-இல் மறைந்தார். அதே நகரில் 1920-இல் மீனாட்சி கல்லூரியும், 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் தோன்றின. இவற்றுக்கும் முன்னரே, ஒடுக்கப்பட்ட குழந்தைகளுக்கான கல்வி நிலையம் ஒன்று அந்நகரில் அமைந்துவிட்டது என்பது கல்வி வரலாற்றில் உரிய அழுத்தம் பெறவில்லை.

பள்ளிக்கு இடப்பட்ட பெயரும் கருதத்தக்கது. சுந்தரரின் திருத்தொண்டத் தொகையில் ஓர் அடியாராகக் குறிக்கப்பெற்ற திருநாளைப்போவார், சேக்கிழாரின் காப்பியத்தில் விரிவு பெற்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியாரின் கீர்த்தனைகளில் பண்ணையாள் நந்தனாக மறுபிறப்பு எய்தினார். தீயில் மூழ்கிய பின்னரே நந்தனுக்கு நுழைவு கிட்டியதாகக் கதை கூறுவதால், அவர் பெயரை விடுதலையின் குறியீடாகக் கொள்ளலாகாது என்னும் திறனாய்வு வலுவானதே. ஆனால் அந்தப் பெயரைத் தாங்கிய வாயிலில் நுழைய எத்தீயிலும் மூழ்க வேண்டியதில்லை. பனுவலில் வெளியே நிறுத்தப்பட்டவர், பள்ளியில் வாயிலின் பெயரானார். இப்பொருள் மாற்றத்தை அங்குப் பயின்றோர் எவ்வாறு உணர்ந்தனர், நந்தனைப் பத்தராகவா முன்னோராகவா கருதினர் என்பதற்கு விடை எந்தப் பனுவலிலும் இல்லை. தமிழிலக்கிய ஏற்புக் கொள்கையில் ஆர்வமுடைய ஆய்வாளர் எவருக்கும் இது முதன்மையான வினாவாதல் வேண்டும்.

இப்பள்ளி ஒதுக்கலின் விளைவா, ஒதுக்கலுக்கு எதிரான மறுமொழியா? இரண்டுமே. பொதுப் பள்ளி மறுக்கப்பட்டதால் தோன்றியது என்ற வகையில் அது ஒதுக்கலின் விளைவு. மறுக்கப்பட்டோர் தம் முயற்சியால் நிறுவியது என்ற வகையில் மறுமொழி. நலத்துறைப் பள்ளிகள் பற்றிய இன்றைய விவாதம் இவ்விரண்டில் ஒன்றை மட்டுமே காண்கிறது.

பானையும் அறிக்கையும்

காட்டுமன்னார்கோயில் பகுதியில் 1924-இல் பிறந்த எல். இளையபெருமாள், 1952-இல் நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அவர் பயின்ற பள்ளியில் ஒடுக்கப்பட்ட மாணவர்க்கெனச் சாதிப்பெயரிட்டுத் தனித் தண்ணீர்ப் பானை வைக்கப்பட்டிருந்தது என்றும், அதனை அவர் மீண்டும் மீண்டும் உடைத்தார் என்றும் அவரது வாழ்க்கை வரலாற்றில் கூறப்படுகிறது. கடலூர் வட்டாரப் பள்ளி வரலாற்றில் இதனினும் தெளிவான சான்று அரிது. ஆயினும் இது பள்ளிப் பதிவேட்டிலிருந்து கிடைத்தது அன்று. உடைத்தவரின் நினைவிலிருந்து கிடைத்தது.

1965-இல் நடுவணரசு அமைத்த தீண்டாமை ஒழிப்பும் பட்டியலினத்தவரின் பொருளாதார, கல்வி வளர்ச்சியும் பற்றிய குழுவுக்கு அதே இளையபெருமாள் தலைவரானார். 1969-இல் அளிக்கப்பட்ட அதன் அறிக்கை, அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராவதற்கென 1970-இல் தமிழ்நாடு அரசு இயற்றிய சட்டத் திருத்தத்திற்கு ஒரு தூண்டுகோலாயிற்று. 1955ஆம் ஆண்டுச் சட்டம் 1976-இல் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டமாக வலுப்பெறவும் துணைசெய்தது. உடைந்த பானையின் நினைவுடைய ஒருவர், பிறருடைய அத்தகைய பட்டறிவுகளைச் சான்றாகத் திரட்டி நாட்டின் சட்டத்தை அசைத்தார். வாய்மொழிச் சான்றின் வலிமைக்கு இவ்வட்டாரம் அயல்நாட்டு எடுத்துக்காட்டைத் தேட வேண்டியதில்லை.

அயல்நாட்டு அனுபவம் தரும் எச்சரிக்கை

எனினும் அயல்நாட்டு அனுபவம் ஒரு வகையில் பயன்படும். டியூக் பல்கலைக்கழகத்தின் ஆவணப்படுத்தல் ஆய்வு மையம் 1990-களில் மேற்கொண்ட 'திரைக்குப் பின்னால்' என்னும் திட்டம், இன ஒதுக்கல் காலத்தில் வாழ்ந்த கறுப்பின முதியோர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் நேர்காணல்களைத் திரட்டியது. வட கரோலினாவின் காஸ்வெல் மாவட்டத்துக் கறுப்பினப் பள்ளி ஒன்றைப் பற்றி வனெசா சிடில் வாக்கர் 1996-இல் வெளியிட்ட நூலும் நினைவுகளை ஆதாரமாகக் கொண்டது. வளம் குன்றிய அப்பள்ளிகளைப் பற்றி அவமான நினைவுகள் மட்டுமே கிடைக்கும் என்று எதிர்பார்த்தோர்க்கு வேறொரு சித்திரமும் கிடைத்தது. மாணவர்பால் கண்டிப்பும் நம்பிக்கையும் கொண்ட ஆசிரியர்கள், பள்ளிக்குத் தம் உழைப்பையும் பொருளையும் ஈந்த பெற்றோர்கள், பள்ளியைத் தன் மையமாகக் கொண்ட சமூகம் ஆகியவற்றை முன்னாள் மாணவர்கள் பெருமிதத்துடன் நினைவுகூர்ந்தனர்.

ஒதுக்கல் நீங்கியபோது மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பினப் பள்ளிகளே. பணியிழந்தோரும் பெரும்பாலும் கறுப்பின ஆசிரியர்களே. ஒருங்கிணைப்பு நீதியானது, அதன் விலையை ஒரு தரப்பு மட்டுமே செலுத்தியது என்பது நீதியன்று. இவ்விரண்டையும் ஒருசேரச் சொல்லும் வாய்ப்பை அந்நாட்டு ஆய்வுலகுக்கு அளித்தவை நினைவுப் பதிவுகள்.

இனமும் சாதியும் ஒன்றல்ல. இரு நாட்டு வரலாறுகளையும் நேர்கோட்டில் பொருத்த இயலாது. எனினும் வினா பொருந்தும். நலத்துறைப் பள்ளிகள் பொதுத்துறையில் இணையும்போது எவை பேணப்பட வேண்டும்? சேரி மக்கள் நிலமும் உழைப்பும் ஈந்து எழுப்பிய கட்டடங்கள் உள்ளனவா? முதல் தலைமுறை மாணவரைக் கைப்பிடித்து அழைத்துவந்த ஆசிரியர்கள் யாவர்? எவ்விடுதி இல்லையேல் எத்தனை பேர் படித்திருக்க மாட்டார்கள்? எப்பள்ளியில் புறக்கணிப்பே மிஞ்சியது? இவற்றுக்கு விடை தெரியாமல் இணைப்பை வரவேற்பதும் எதிர்ப்பதும் ஒரே குறையுடையவை. இணைப்பு கொள்கையளவில் ஏற்கத்தக்கது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. ஆனால் ஊர்க் குழந்தை சேரிப் பள்ளிக்கு வருவதும் இணைப்பின் ஒரு திசையாதல் வேண்டும். சேரிக் குழந்தை மட்டுமே இடம்பெயர்வது பழைய ஒதுக்கலின் நிழலாகவே அமையும்.

தமிழ் மரபில் வாய்மொழியின் மதிப்பு

வாய்மொழிச் சான்று தமிழ்ப் புலமை மரபுக்கு அயலானது என்னும் எண்ணம் பிழையுடையது. இறையனார் அகப்பொருளுக்கு நக்கீரர் கண்ட உரை, முசிறியாசிரியர் நீலகண்டனார் ஈறாகப் பத்துத் தலைமுறையாக வாய்வழி வந்தது என்று அவ்வுரையே கூறிக்கொள்கிறது. அதனை வரலாறாகக் கொள்வோரும் தொன்மமாகக் கொள்வோரும் உளர். வாய்வழி வந்தது என்பதனால் அதனை எவரும் ஒதுக்கவில்லை. வேதத்தை 'எழுதாக்கிளவி' என்று சிறப்பித்ததும் இம்மரபே. எழுதப்படாமை உயர்ந்தோர்பால் புனிதமாகவும் ஒடுக்கப்பட்டோர்பால் சான்றின்மையாகவும் கொள்ளப்பட்டது அளவையியல் முரண். ஒடுக்கப்பட்டோர் வரலாற்றைப் பேசும் தம் நூலுக்கு ஸ்டாலின் ராஜாங்கம் 'எழுதாக் கிளவி' என்று பெயரிட்டது இம்முரணைச் சுட்டுவதாகும்.

இவ்வட்டாரத்திற்கே உரிய மற்றொரு சான்றும் உண்டு. திருமுறை கண்ட புராணத்தின்படி, தேவார ஏடுகள் தில்லைக் கோயிலின் பூட்டிய அறையில் கறையானுக்கு இரையாகிக் கிடந்தன, எஞ்சியவையே மீட்கப்பட்டன. பாடல் ஏட்டில் கிடைத்தது, பண் கிடைக்கவில்லை. அதனை வேண்டித் திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண் ஒருத்தியை நாட வேண்டியிருந்தது என்கிறது அப்புராணம். இன்று இராசேந்திரப்பட்டினம் எனப்படும் அவ்வூர் கடலூர் மாவட்டத்தில் உள்ளது. கோயிலின் காப்பறை இழந்ததைப் பாணர்குலப் பெண்ணின் நா காத்தது. தமிழரின் பெரும் பனுவல் தொகுப்பு ஒன்றைப் பற்றிய மரபுவழிச் செய்தியே, ஏடு அழியக்கூடியது, எளியோர் நினைவு காக்கக்கூடியது என்று ஒப்புக்கொள்கிறது.

அண்மைக் காலத்திலும் வழிகாட்டும் முயற்சிகள் உள்ளன. புதுச்சேரிக்கு அருகில் வாழ்ந்த வீரம்மாவின் வாழ்க்கைக் கதையை ஜோசியான் ரசீன் பல்லாண்டுகள் கேட்டுப் பதிவு செய்தார். அது முதலில் 1995-இல் பிரெஞ்சிலும், 1997-இல் ஆங்கிலத்திலும் நூலாயிற்று. தமிழில் பேசப்பட்ட ஒரு வாழ்வு பிற மொழிகளின் வழியே உலகை அடைந்தது தமிழ்த்துறைகள் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி. பாமாவின் 'கருக்கு', ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்', கே.ஏ. குணசேகரனின் 'வடு' ஆகியவற்றில் பள்ளியும் விடுதியும் முதன்மைக் களங்களாக அமைகின்றன. ஆனால் இவை எழுதக் கற்று, எழுத்தாளராகவும் ஆனோரின் நினைவுகள். மூன்றாம் வகுப்போடு நின்று நடவுக்குச் சென்ற பெண்ணின் பள்ளி நினைவு இவ்வகைமைக்குள் வராது. அதுவே எண்ணிக்கையில் மிகுதி.

எழக்கூடிய மறுப்புகள்

நினைவு பிழைபடும் என்பது முதல் மறுப்பு. இத்தாலியின் தெர்னி நகரில் 1949-இல் கொல்லப்பட்ட தொழிலாளி ஒருவரின் இறப்பை, அந்நகரத்தார் பலர் 1953-இல் நடந்ததாக நினைவுகூர்ந்ததை அலெஸ்ஸாந்த்ரோ போர்த்தெல்லி ஆராய்ந்தார். 1953 பெருந்திரள் வேலைநீக்கம் நிகழ்ந்த ஆண்டு. தம் தோழரின் இறப்புக்கு அவ்வளவு பெரிய போராட்டமே தகுதியான சூழல் என்று நினைவு கருதியது. நாள் பிழை, பொருள் பிழையன்று. இரண்டையும் பிரித்தறிவதே ஆய்வாளரின் பணி. பாடவேறுபாடுகளை ஒப்பிட்டு மூலபாடம் காண்பதில் பயிற்சியுடைய தமிழாய்வாளர்க்கு இது புதிதன்று.

நாட்டுப்புறவியல் இதனை ஏற்கெனவே செய்கிறது என்பது இரண்டாம் மறுப்பு. தாலாட்டு, ஒப்பாரி, கதைப்பாடல் ஆகியவற்றைத் தொகுத்த அத்துறையின் பணி பெரிது. ஆயினும் அது வகைமையைத் தேடிச் சென்றது. பாடுவோரின் தனி வாழ்வு பெரும்பாலும் பின்னிணைப்பில் வயது, ஊர், தொழில் என்னும் மூன்று சொற்களில் அடங்கிற்று. பாடலைக் கேட்டோர், பாடியவர் பள்ளிக்குச் சென்றாரா, ஏன் நின்றார் என்று கேட்கவில்லை.

அவமானத்தை மீண்டும் பேசச் செய்வது முறையா என்பது மூன்றாம் மறுப்பு. இதுவே கனமானது. பேச விரும்பாதோரின் மௌனம் மதிக்கப்பட வேண்டும். ஒப்புதல் எழுத்தில் மட்டுமன்றிப் புரிதலிலும் பெறப்பட வேண்டும். பெயரை மறைக்கவும் பதிவைத் திரும்பப் பெறவும் உரிமை இருத்தல் வேண்டும். ஒரே ஊரில் சாட்சியும் இழைத்தவரின் வழியினரும் அருகருகே வாழ்கின்றனர் என்பதை மறத்தலாகாது. பதிவின் படி ஒன்று கூறியவரின் குடும்பத்திற்குத் திரும்ப அளிக்கப்பட வேண்டும்.

செய்யத்தக்கன

முதலாவதாக, முதுகலைத் தமிழ் மாணவரின் களப்பணியில் பள்ளி நினைவுப் பதிவை ஒரு கூறாகச் சேர்க்கலாம். ஒவ்வொருவரும் தம் ஊரில் ஒருவரைக் கேட்டுப் பதிவு செய்தால், சில ஆண்டுகளில் மாவட்டம் முழுவதற்குமான தொகுதி உருவாகும். இரண்டாவதாக, பதிவு எழுத்தாக்கம் பெறும்போது பேச்சு வழக்கு செந்தமிழாக்கப்படாமல் உள்ளவாறே பேணப்பட வேண்டும். திருத்தப்பட்ட பேச்சில் ஆய்வாளரின் குரலே எஞ்சும். மூன்றாவதாக, ஒடுக்கப்பட்டோர் மட்டுமன்றி அதே வகுப்பறையின் மறுபக்கம் அமர்ந்திருந்த பிற சாதியினரும், அங்குக் கற்பித்த ஆசிரியரும் கேட்கப்பட வேண்டும். ஒதுக்கல் இரு தரப்பும் அறிந்த செயல்; ஒரு தரப்பை மட்டும் சாட்சியாக்குவது சுமையை மீண்டும் அவர்மீதே ஏற்றுவதாகும். நான்காவதாக, இணைக்கப்படும் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, ஆய்வறிக்கை, நிழற்படம் ஆகியவை இடமாற்றத்தின்போது அழியாதவாறு மின்னுருவாக்கம் செய்யப்பட வேண்டும். நினைவும் ஆவணமும் ஒன்றையொன்று சோதித்தால்தான் வரலாறு உறுதிபெறும்.

முடிவுரை

சட்டம் முடிந்துவிட்டதாக அறிவித்த ஒதுக்கல், கடலூர், சிதம்பரம் வட்டாரத்தின் ஒவ்வோர் ஊரிலும் வெவ்வேறு நாளில், வெவ்வேறு அளவில் தளர்ந்தது. அந்நாள்களை அறிந்தோர் இன்றும் உள்ளனர். அவர்களது பள்ளி அவமானத்தின் இடமாகவும் ஆளாக்கிய இடமாகவும் ஒருங்கே இருந்திருக்கலாம். அந்த இருமையை ஒரு துறையின் கோப்பிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற இயலாது. பெயர்ப்பலகைகள் மாறட்டும். மாறுவதற்கு முன்னர் ஒவ்வொரு பலகைக்கும் கீழே பயின்ற ஒருவரேனும் தம் மொழியில், தம் பேச்சில், தாம் எங்கே அமர்ந்தார் என்று கூறியிருத்தல் வேண்டும். அதனைக் கேட்டு எழுதும் கடமை, வாய்மொழியாக வந்தவற்றைத் தன் பெருமையாகக் கொண்டுள்ள தமிழ்ப் புலமைக்கே முதலில் உரியது.